உதைபந்து ரீச்சர்

எங்கள் கல்லூரியின் உதைபந்தாட்டப் பயிற்றுநருக்குக் கனடா விசா வந்த செய்தியை அவரே வந்து சொன்னார். நான் பெண்பிள்ளைகளுக்குக் கூடைப்பந்துப் பயிற்சி கொடுத்துக்கொண்டிருந்தேன். மோட்டார் சைக்கிளை நிற்பாட்டாமலே ஒரு காலை நிலத்தில் ஊன்றிக்கொண்டு, "ரீச்சர், அலுவல் சரிவந்திட்டுது. பதினைஞ்சு நாளிலை வெளிக்கிடுறன்" என்றார்.

"அப்ப பெடியள்?"

அவர் மைதானத்தின் பக்கம் ஒருதரம் பார்த்தார். "ஆரையேன் போடுவினம்."

பருவம் தொடங்க ஐந்து கிழமை இருந்தது. அந்த "ஆரையேன்" நான்தான் என்று அப்போது எனக்குத் தெரியாது.

எனக்கு அப்போது முப்பத்தைந்து வயது. ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கும் அந்த மிஷன் கல்லூரியில் ஆறு வருடமாக உடற்கல்வி ஆசிரியை. எங்கள் குடும்பத்துப் பெண்கள் மூன்று தலைமுறையாக மிஷன் பள்ளிக்கூடங்களில் படித்து, மிஷன் பள்ளிக்கூடங்களிலேயே படிப்பித்தவர்கள். ஆங்கிலம், சங்கீதம், சமயம். விசில் எடுத்தவள் நான் ஒருத்திதான். மகள் என்ன படிப்பிக்கிறாள் என்று யாரும் கேட்டால் அம்மா, "கல்லூரியிலை இருக்கிறா" என்று சொல்லிப் பேச்சை மாற்றிவிடுவார்.

ஒரு இடத்தில் இருப்புக்கொள்ளாத சுபாவம் எனக்குச் சின்ன வயதிலேயே வந்துவிட்டது. தேவாலயத்தில் பிரசங்கம் நீண்டால் என் கால் தானாக ஆடத் தொடங்கும். அம்மா தொடையில் கிள்ளுவார். மற்றக் கால் ஆடும். பாடசாலையில் கூடைப்பந்து அந்தக் கால்களுக்கு ஒரு வேலை கொடுத்தது. ஆட்டம் முடிந்த பிறகுதான் எனக்குச் சாப்பாடு ருசிக்கும்.

இந்தக் கல்லூரிக்கு வந்தபோது இங்கே கூடைப்பந்து அணி என்று ஒன்று இல்லை. சீமெந்துத் திடல் வெடித்து, வெடிப்புகளில் அறுகம்புல் முளைத்துக் கிடந்தது. ஏழு பிள்ளைகளைப் பிடித்துத் தொடங்கினேன். முதல் இரண்டு வருடமும் வலயப் போட்டியில் முதல் சுற்றோடு வீட்டுக்கு வந்தோம். பயிற்சியில் விழுகிற பந்து போட்டியில் விழாது. வளையத்தின் முன்விளிம்பில் பட்டுத் திரும்பிவிடும். பயமென்று நினைத்துப் பிள்ளைகளைத் திட்டினேன். மூன்றாம் வருடம் ஒரு சனிக்கிழமை, வேறு ஒன்றும் செய்யத் தோன்றாமல், ஏணி வைத்து ஏறி வளையத்தின் உயரத்தை அளந்தேன். நாலு விரற்கடை பதிவாக இருந்தது. எப்போதோ யாரோ திடலுக்கு மேல் இன்னொரு தட்டுச் சீமெந்து போட்டிருக்கிறார்கள், தூணை உயர்த்தவில்லை. இரண்டு வருடத் திட்டை நினைத்து வெட்கமாக இருந்தது. அடுத்த கிழமை தூணை உயர்த்தினோம். அந்த வருடம் மாகாணம் வரை போனோம்.

பயிற்றுநர் விமானம் ஏறி நாலாம் நாள் அதிபர் என்னைக் கூப்பிட்டார். அதிகம் பேசாத மனிதர். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தாரென்றால் சங்கடமான ஒன்றைச் சொல்லப்போகிறார் என்று அர்த்தம்.

"ரீச்சர், போட்டிக்குப் பேர் குடுக்கிற பத்திரத்திலை பொறுப்பாசிரியர் ஒராள் கையெழுத்து வைக்கவேணும். உடற்கல்விக்கு நீங்கள் ஒராள்தான் இருக்கிறியள்."

"பெடியளின்ரை அணிக்கோ, சேர்?"

"பேருக்குத்தான். பழைய மாணவர் சங்கம் ஒராளைத் தேடுகினம். கிடைக்குமட்டும் நீங்கள் மைதானத்திலை நிண்டாக் காணும்."

ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். சும்மா நிற்பது எப்படி என்றுதான் யோசனையாக இருந்தது.

அணித்தலைவன் நீர்வேலிப் பெடியன். உயர்தரம் இரண்டாம் வருடம். தகப்பனுக்கு வாழைத்தோட்டம், விடியக் காலமை தண்ணீர் கட்டிவிட்டுத்தான் பள்ளிக்கு வருவான். முதல்நாள் நான் மைதானத்துக்குப் போனதும் ஓடிவந்தான்.

"ரீச்சர், சரியான வெயில். வேம்புக்குக் கீழை கதிரை போட்டிருக்கிறம். நீங்கள் இருங்கோ. நாங்கள் பாத்துச் செய்யிறம்."

மரியாதையில் ஒரு குறையும் சொல்ல முடியாது. போய் இருந்தேன். மறுநாளும் இருந்தேன். மூன்றாம் நாள் கொப்பி ஒன்று கொண்டுபோய் யார் யாருக்குப் பந்து கொடுக்கிறான் என்று கோடு போட்டுப் பார்த்தேன். ஒரு மணித்தியாலத்தில் படம் தெளிவாகிவிட்டது. பந்து போகிற பக்கமெல்லாம் எட்டுப்பேர் போனார்கள். பின்னுக்கு நிற்கிறவன் உயர்த்தி அடிப்பான், தலைவன் ஓடுவான். அவன் எட்டிப் பிடித்தால் கோல். பிடிக்காவிட்டால் திரும்பவும் உயர்த்தி அடிப்பான். பதினொரு பேரின் ஆட்டமும் அந்த ஒருவனின் இரண்டு காலில் நின்றது.

நாலாம் நாள் கதிரையைத் தூக்கி வேம்போடு சாய்த்துவிட்டு எழும்பினேன்.

"எல்லாரும் கூடைப்பந்துத் திடலுக்கு வாங்கோ."

"ரீச்சர், நாங்கள் உதைபந்துக்காரர்" என்றான் தலைவன்.

"தெரியும். ஒரு மணித்தியாலம் கையாலை விளையாடுங்கோ. பிறகு காலுக்குப் போவம்."

பின்னுக்கிருந்து ஒரு குரல், "நாளைக்குப் பாவாடையும் தருவா போலை" என்றது. சிரிப்பு. எனக்குக் கேட்கவில்லை என்று விட்டுவிட நினைத்தேன். ஆனால் என் கூடைப்பந்துப் பிள்ளைகளுக்கும் கேட்டிருந்தது. அவர்களில் உயரமான ஒருத்தி, இணுவில் பிள்ளை, பந்தை இடுப்பில் வைத்துக்கொண்டு அமைதியாகச் சொன்னாள்: "பாவாடையோடை ஓட உங்களாலை ஏலாது, அண்ணை."

அதற்குப் பிறகு ஆட்டம் தேவைதானா என்றிருந்தது. ஆனாலும் ஆடினார்கள். பெண்பிள்ளைகளுக்கு இருபத்திரண்டு புள்ளி, பெடியளுக்கு ஆறு. பெடியள் வியர்த்துக் களைத்து, ஒருவரையொருவர் குற்றம் சொல்லிக்கொண்டு போனார்கள். தலைவன் மட்டும் போகவில்லை. பைப்படியில் முகம் கழுவிவிட்டு வந்தான்.

"ரீச்சர், அவை பந்தைக் குடுத்திட்டு நிக்கேல்லை. குடுத்த உடனை எங்கையோ போகினம்."

"எங்கை போகினம்?"

யோசித்தான். "ஆள் இல்லாத இடத்துக்கு."

"அவ்வளவுதான் தம்பி. எனக்கு உதைபந்தாட்டத்திலை தெரிஞ்சது இவ்வளவுதான். மிச்சத்தை நீங்கள்தான் எனக்குச் சொல்லித் தரவேணும்."

அவன் சிரித்தது எனக்கு இன்னும் ஞாபகம் இருக்கிறது. மறுநாள் பயிற்சிக்கு எல்லாரும் நேரத்துக்கு வந்தார்கள். அவன் என்ன சொன்னான் என்று நான் கேட்கவில்லை.

பருவம் தொடங்க மிச்சமிருந்த இரண்டு கிழமையும் எனக்குக் காய்ச்சல் பிடித்ததுபோல் போயிற்று. விதிப்புத்தகத்தைப் பேருந்தில் வைத்துப் படித்தேன். கைப்பேசியில் ஆட்டங்களைப் பார்த்தேன். வீட்டு மதிலில் பந்தை உதைத்துப் பழகினேன். மதிலோரத்துச் செவ்வரத்தைச் செடி ஒன்று முறிந்தது. என் கணவருக்குத் தபாற்கந்தோரில் வேலை, நிதானமான மனிதர். ஒருநாள் காலமை தேத்தண்ணீர்க் கோப்பையோடு முற்றத்தில் நின்று, "நீர் நித்திரையிலையும் உதைக்கிறீர். கோல் காக்கிறவன் நான்தான், தெரியுமோ?" என்றார். சிரித்தேன். ஆனால் அவர் சொன்னதில் முறைப்பாடும் இருந்தது. அந்த நாட்களில் ஒரு பேச்சையும் நான் முடிவுவரை கேட்டதில்லை.

முதல் போட்டியில் மூன்றுக்குப் பூச்சியம் என்று தோற்றோம். இரண்டாவது சமநிலை. மூன்றாவதில் ஒரு கோலால் தோல்வி. பெடியள் பந்தைச் சின்னச் சின்னதாகக் கொடுத்து விளையாட முயன்றார்கள். பாதித் தூரம் அழகாகப் போகும், பிறகு யாராவது பதறி உயர்த்தி அடித்துவிடுவான். நான் எல்லைக்கோட்டோரம் அங்குமிங்கும் நடந்துகொண்டே இருப்பேன். நடுவர் இரண்டு தரம் எச்சரித்தார்.

மதிலோரம் பழைய மாணவர்கள் கூட்டமாக நிற்பார்கள். சத்தத்தில் முன்னுக்கு நின்றவர் ஐம்பதை நெருங்கிய ஒரு முஸ்லிம் மனிதர். நகரத்தில் இரும்புச் சாமான் கடை வைத்திருந்தார். அண்ணன் முறை வைத்து எல்லாரும் நானா என்றுதான் கூப்பிடுவார்கள். கடையைப் பூட்டிவிட்டாவது எந்தப் போட்டிக்கும் வந்துவிடுவார். "ரீச்சர்! உது கூடைப்பந்தில்லை! பந்தை முன்னுக்கு அடிக்கச் சொல்லுங்கோ!" அவர் குரல் மைதானத்தின் மறுகரை வரை கேட்கும். மற்றவர்கள் சிரிப்பார்கள். அவர் சிரிப்பதில்லை. அவருக்கு உண்மையிலேயே வயிறு எரிந்தது.

மூன்றாம் போட்டிக்குப் பிறகு அவரும் இன்னும் இரண்டு பேரும் அதிபரைப் பார்க்க வந்தார்கள். அதிபர் என்னையும் கூப்பிட்டு இருத்தினார்.

"எங்களுக்கு ரீச்சரிலை ஒரு கோவமுமில்லை" என்றார் ஒருவர். "ஆனா மற்றப் பள்ளிக்கூடக்காரர் சிரிக்கினம். பெடியளுக்கு ஒரு பொம்பிளை..."

நானா குறுக்கிட்டார். "பொம்பிளை ஆம்பிளை கதை விடுங்கோ. எனக்கு அணி வெல்லவேணும். அவ்வளவுதான்."

அதிபர் கண்ணாடியைத் துடைத்தார். "வருசாந்த மச் முடியட்டும். அதுக்குப் பிறகு பாப்பம்."

வருடாந்தப் போட்டி என்பது பக்கத்துக் கல்லூரியோடு நடப்பது. கோப்பை பெரிதில்லை, ஆனால் அன்று ஊரில் பாதி மைதானத்தில் நிற்கும். நாலு வருடமாக எங்கள் பக்கம் தோல்வி. அது என்னுடைய பரீட்சை என்று எனக்கு விளங்கிவிட்டது. அதுவரை ஆட்டத்தை விளங்கிக்கொள்ள வேண்டும் என்றிருந்த ஆசை, அந்த அறையை விட்டு வெளியே வரும்போது வேறு ஆசையாக மாறியிருந்தது. அவர்களுடைய வாயை அடைக்க வேண்டும். என் கோளாறு அங்கேதான் தொடங்கியது.

பிறகு இரண்டு போட்டிகளில் தொடர்ந்து வென்றோம். இரண்டிலும் தலைவன் கோல் போட்டான், ஆனால் முன்னைப்போல் தனியே ஓடி அல்ல. கொடுத்து, ஆளில்லாத இடத்துக்குப் போய், வாங்கிப் போட்டான். கொழும்பில் நடக்கும் இளையோர் அணித் தேர்வுக்கு அவனுக்குக் கடிதம் வந்தது. காலைப் பிரார்த்தனைக் கூட்டத்தில் அதிபர் அதை வாசித்தபோது பிள்ளைகள் கைதட்டிய சத்தத்தில் கூரையிலிருந்த புறாக்கள் எழும்பிப் பறந்தன. தேர்வு, வருடாந்தப் போட்டி முடிந்து பத்தாம் நாள்.

போட்டி சனிக்கிழமை. புதன்கிழமை அவன் விஞ்ஞானகூட மாடிப்படியில் இறங்கி வந்தான். நான் கீழே நின்றேன். ஒவ்வொரு படிக்கும் வலதுகாலையே முதலில் வைத்தான். இடதுகாலைப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்துவிட்டு, பிறகு திரும்பவும் வலதுகால்.

"முழங்காலிலை ஏதும் பிரச்சினையோ?"

"இல்லை ரீச்சர். ஒண்டுமில்லை."

என் கூடைப்பந்துப் பிள்ளைகள் யாராவது அப்படி நடந்திருந்தால், அந்த இடத்திலேயே ஒற்றைக்காலில் பத்துத்தரம் துள்ளச் சொல்லியிருப்பேன். நொண்டுகிற காலை ஒளிக்க முடியாத சோதனை அது. அவனை நான் துள்ளச் சொல்லவில்லை. "சரி, வடிவாச் சாப்பிடு" என்று சொல்லிவிட்டுப் போனேன். வகுப்பறைக்குப் போகும் வழியில் என் நடை வேகமாக இருந்தது. ஒன்றைப் பார்க்காமல் விட்டு ஓடுகிறவளின் வேகம் அது என்று எனக்குத் தெரிந்தேயிருந்தது.

சனிக்கிழமை நல்ல காற்று. பான்ட் வாத்தியம், கொடி, மதிலில் ஏறி நின்ற பெடியள், ஐஸ்கிறீம் வான். முதல் பாதியில் அவர்கள் ஒரு கோல் போட்டார்கள். இடைவேளையில் எல்லாரும் புல்லில் இருந்து தோடம்பழத் துண்டு சப்பினார்கள். தலைவன் வலதுகாலை மடக்காமல் நீட்டி வைத்திருந்தான். மற்றவர்கள் சப்பணம் கொட்டி இருக்க, அவன் மட்டும் கையைப் பின்னுக்கு ஊன்றி இருந்தான். நான் அவன் முன்னால் குந்தினேன்.

"ஏலுமோ?"

அவன் என் முகத்தைப் பார்த்தான். நான் எந்தப் பதிலை எதிர்பார்க்கிறேன் என்று அவனுக்குத் தெரிந்திருக்கும். "ஏலும் ரீச்சர்."

மாற்று ஆட்டக்காரர் இரண்டு பேர் சூடேற்றிக்கொண்டு தயாராக நின்றார்கள். நான் அவர்கள் பக்கம் திரும்பவில்லை.

இரண்டாம் பாதி நடுவில் எங்கள் கோல் வந்தது. பின்னுக்கிருந்து ஆறு பேர் கைக்குக் கை கொடுப்பதுபோல் பந்தைக் கொடுத்து வந்தார்கள். தலைவன் வாங்கி, கொடுத்து, உள்ளே ஓடினான். எதிரணியில் இரண்டு பேர் அவன் பின்னால் போனார்கள். பந்து மறுபக்கம் வெறுமையாக நின்றவனிடம் போனது. அவன் அமைதியாக உள்ளே தள்ளினான். கூடைப்பந்துத் திடலில் நூறுதரம் செய்த அதே அசைவு. மதிலோரத்துச் சத்தம் என் நெஞ்சுக்குள் வந்து அடித்தது. நான் எல்லைக்கோட்டில் ஓடினேன், கத்தினேன், யாரையோ கட்டிப்பிடித்தேன்.

முடிய எட்டு நிமிடம் இருக்கும்போது தலைவனுக்குப் பந்து வந்தது. முன்னால் ஒருவருமில்லை. உதைப்பதற்காக வலதுகாலில் திரும்பினான். யாரும் அவனைத் தொடவில்லை. கால் அங்கேயே நிற்க உடம்பு மட்டும் திரும்பியதுபோல் இருந்தது. விழுந்தான். பந்து உருண்டு வெளியே போயிற்று. புல்லை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு கிடந்தான்.

அவனை வெளியே தூக்கிவந்து படுக்கவைத்து ஐஸ் கட்டினோம். மிச்ச நேரம் எப்படிப் போனதென்று தெரியவில்லை. ஒன்றுக்கு ஒன்று. விசில் ஊதியதும் ஆட்கள் உள்ளே வந்துவிட்டார்கள். நாலு வருடத்துக்குப் பிறகு தோற்காத போட்டி. பழைய மாணவர் ஒருவர் என் கையைப் பிடித்துக் குலுக்கினார். இன்னொருவர் குலுக்கினார். நானும் சிரித்துக்கொண்டு குலுக்கினேன். அவன் எனக்குப் பின்னால் பத்தடி தூரத்தில் கிடந்தான். இதை எழுதும்போதும் என் வலதுகையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை.

கூட்டத்தை இடித்துக்கொண்டு வந்தவர் நானாதான். அவர் என் கையைக் குலுக்கவில்லை. "வான் வாசல்லை நிக்குது. பெடியனைத் தூக்குங்கோ. ரீச்சர், நீங்களும் ஏறுங்கோ" என்றார். கடைச் சாமான் ஏற்றுகிற வான். பின்னுக்கு நாங்கள் அவனைச் சாக்குகளின் மேல் கிடத்திப் பிடித்துக்கொண்டு போனோம். ஒவ்வொரு குழிக்கும் நானா முன்னுக்கிருந்து, "கொஞ்சம் பொறுத்துக்கொள் மகன்" என்று சொல்லிக்கொண்டு ஓட்டினார்.

ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுக்க அவனைக் கொண்டுபோனதும் நானும் நானாவும் வெளியே மர வாங்கில் இருந்தோம். நான் எழும்பி நடப்பேன், பிறகு இருப்பேன், திரும்ப எழும்புவேன். அவர் அசையாமல் இருந்தார். பிறகு, நான் கேட்காமலே கதைக்கத் தொடங்கினார்.

"நானும் இந்த அணியிலை இருந்தனான் ரீச்சர். பதினேழு வயசு. எங்கடை முஸ்லிம் சனம் முழுவதையும் இயக்கம் ரெண்டு மணித்தியாலத்திலை யாழ்ப்பாணத்தை விட்டு வெளிக்கிடச் சொன்ன அந்தக் கிழமை ஒரு மச் இருந்தது. உம்மா உடுப்பு எடுத்தவ, வாப்பா காணி உறுதியை எடுத்தவர். என்ரை சப்பாத்து கொடியிலை காய்ஞ்சு கொண்டிருந்தது. அதை எடுக்கேல்லை. புத்தளத்திலை முகாமிலை இருக்கேக்கை, அண்டைக்கு மச்சிலை ஆர் என்ரை இடத்திலை விளையாடினவன் எண்டுதான் யோசிச்சுக்கொண்டிருந்தனான். விசர்தானே?"

"இல்லை நானா."

"திரும்பி வந்து கடை திறந்தாப் பிறகு ஒரு மச்சும் விடேல்லை. உங்களைக் கத்தினதும் அதாலைதான். மனசிலை வைக்காதையுங்கோ." பிறகு கதவைப் பார்த்துக்கொண்டு, தனக்குத்தானே சொல்வதுபோல், "அவனுக்கு எவ்வளவு மச் கிடந்தது. இண்டைக்கு ஒண்டை விட்டிருந்தாத்தான் என்ன?" என்றார்.

எனக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியாது. நான் எழும்பி நடந்தேன்.

முழங்கால் சவ்வு அறுந்துவிட்டது. கொழும்பில் சத்திரசிகிச்சை, ஓட ஒரு வருடமாவது ஆகும், முன்னைப்போல் ஆடுவானா என்பதை இப்போது சொல்ல முடியாது. இளையோர் தேர்வுக் கடிதத்துக்கு இனி வேலையில்லை.

எட்டு நாள் பொறுத்து நீர்வேலிக்குப் போனேன். அந்த எட்டு நாளும் ஸ்கூட்டியை எடுத்துக்கொண்டு பாதி வழி போய்த் திரும்பியிருக்கிறேன். தகப்பன் தோட்டத்தில் தண்ணீர் கட்டிக்கொண்டு நின்றார். மகன் செய்கிற வேலையையும் அவரே செய்தார். என்னைக் கண்டதும் மோட்டரை நிற்பாட்டிவிட்டுக் காலில் சேற்றோடு வந்தார்.

"விளையாட்டெண்டா விழத்தான் செய்யும் ரீச்சர். நீங்கள் என்ன செய்யிறது? வாங்கோ, இருங்கோ."

விறாந்தையில் பிளாஸ்டிக் கதிரை போட்டார். உள்ளே அறையில் அவன் படுத்திருப்பது திரைச்சீலை இடைவெளியில் தெரிந்தது. தாய் வந்து கதவு நிலையைப் பிடித்துக்கொண்டு நின்றார். இருக்கவில்லை.

"ரீச்சர், நான் ஒண்டு கேக்கிறன். அவன்ரை காலிலை நோ இருந்தது உங்களுக்குத் தெரியுமோ, தெரியாதோ?"

தகப்பன் தாயைப் பார்த்து, "ஏனப்பா இப்ப அந்தக் கதை..." என்று தொடங்கினார்.

"நீங்கள் பொறுங்கோ. அவன் சொல்லுறான், தான்தான் மறைச்சது, ரீச்சருக்குத் தெரியாதெண்டு. அதுதான் கேக்கிறன்."

அவன் எனக்காகப் பொய் சொல்லியிருக்கிறான். அதைப் பிடித்துக்கொண்டு நான் அந்த விறாந்தையிலிருந்து இறங்கியிருக்கலாம். திரைச்சீலைக்கு உள்ளே அவன் அசைவது தெரிந்தது.

"தெரியும்" என்றேன். "அவன் மறைச்சவன்தான். ஆனா நான் கண்டனான். புதன்கிழமையே கண்டனான்."

தகப்பன் தலையைக் குனிந்தார். தாய் என்னையே பார்த்தார். கோபம் என்றுகூடச் சொல்ல முடியாது. விளங்காத ஒன்றைப் பார்ப்பதுபோல் பார்த்தார்.

"அப்ப ஏன்?"

"வெல்ல ஆசைப்பட்டிட்டன்."

அவர் உள்ளே போய்விட்டார். தேத்தண்ணீர் வரவில்லை. தகப்பன் படலை வரை வந்தார். வாழைகளுக்கு நடுவே ஓடிய தண்ணீர் எங்கள் பாதை வரை வந்திருந்தது. "சரி ரீச்சர், போட்டு வாங்கோ" என்றார். நான் திரும்பிப் பார்க்கும்போது அவர் இன்னும் படலையில் நின்றார்.

திங்கட்கிழமை அதிபரிடமும் சொன்னேன். கண்ணாடியைத் துடைத்தார், திரும்பப் போட்டார், திரும்பக் கழற்றினார். "நீங்கள் சொல்லாட்டி ஒருதருக்கும் தெரிஞ்சிராது" என்றார்.

"அவனுக்குத் தெரியும் சேர்."

விசித்திரம் என்னவென்றால், என்னை மாற்றச் சொன்ன அதே பழைய மாணவர்கள் இப்போது அடுத்த பருவத்துக்கும் நானே இருக்க வேண்டும் என்றார்கள். அந்தச் சமநிலையே அவர்களுக்குப் போதும். நானாவிடம் மட்டும் நான் தனியே போய், கடையில் ஆணிப்பெட்டிகளுக்கு நடுவே நின்று உண்மையைச் சொன்னேன். அவர் வாடிக்கையாளரை அனுப்பிவிட்டு முழுவதையும் கேட்டார். திட்டுவார் என்று நினைத்தேன். "நான் மதிலிலை நிண்டு கத்தினது உங்கடை காதிலை விழுந்துதானே நீங்கள் அப்பிடிச் செய்தனீங்கள். அதிலை என்ரை பங்கும் கிடக்கு" என்றார். நான் மறுத்தேன். அவரும் விடவில்லை. கொழும்பில் அவருடைய தங்கை வீட்டில்தான் அந்தப் பெடியனும் தகப்பனும் சத்திரசிகிச்சைக்குப் போய் இரண்டு கிழமை நின்றார்கள்.

அடுத்த பருவமும் நான் நின்றேன். ஓடிப்போய்விட்டாள் என்று இருக்கக் கூடாது என்பதற்காக. ஒவ்வொரு போட்டிக்கும் முன் பதினைந்து பேரும் என் முன்னால் ஒற்றைக்காலில் துள்ள வேண்டும் என்று விதி வைத்தேன். பெடியள் அதற்கு "கொக்குப் பரீட்சை" என்று பேர் வைத்தார்கள். ஒருநாள் எங்கள் நல்ல கோல்காப்பாளன் அதில் தேறவில்லை. அவனை இருத்திவிட்டு விளையாடி நாலு கோல் வாங்கினோம். மதிலோரத்தில் முணுமுணுப்பு எழுந்தது. நானா திரும்பி, "வாயைப் பொத்துங்கோ" என்றார். அந்தப் பருவத்தில் மூன்று போட்டிதான் வென்றோம். முடிவில் சங்கம் ஒரு புதிய பயிற்றுநரைக் கண்டுபிடித்தது, நல்ல தகுதியுள்ள இளைஞன். எனக்கு மாலை போட்டார்கள்.

திரும்பக் கூடைப்பந்துக்குப் போனேன். உடம்பு மட்டும் திடலில் நின்றது. வேலிக்கு அந்தப் பக்கம் பந்து உதைபடும் சத்தம் கேட்கும்போதெல்லாம் என் தலை திரும்பும். பிள்ளைகள் அதைக் கவனித்துவிட்டார்கள். ஒருத்தி, "ரீச்சர், நாங்கள் இஞ்சை நிக்கிறம்" என்றாள். அன்று பின்னேரம் கணவரிடம், வடமராட்சிப் பக்கம் இடமாற்றம் கேட்கப்போகிறேன், அங்கே பெண்பிள்ளைகளுக்கு உதைபந்தாட்டம் தொடங்க ஆள் தேடுகிறார்கள் என்றேன்.

"அங்கை போனா இருப்பீரோ?"

"தெரியேல்லை."

"சரி, கேளும். இஞ்சை இருந்தும் நீர் இருக்கேல்லைத்தானே."

இடமாற்றம் கிடைத்து இப்போது மூன்றாவது வருடம். இணுவிலிலுள்ள எங்கள் வீட்டிலிருந்து வடமராட்சிக் கரையிலுள்ள வல்வெட்டித்துறைக்குத் தினமும் காலமை பேருந்து. மைதானத்துக்கும் கடலுக்கும் நடுவே ஒரு தெருதான். உயர்த்தி அடித்தால் பந்தைக் காற்று கொண்டுபோய்விடும். அதனால் இந்தப் பிள்ளைகள் நான் சொல்லாமலே பந்தை நிலத்தில் வைத்து விளையாடுகிறார்கள். தொடக்கத்தில் காற்சட்டை போடுவதில் பெரிய பிரச்சினை வந்தது. தகப்பன்மார் கூட்டமாக வந்தார்கள். முழங்கால் வரை நீண்ட உள்ளாடையோடு போடலாம் என்று முடிவானது. கடலுக்குப் போகாத நாட்களில் அவர்களே வேலியோரம் நின்று பார்க்கிறார்கள். கத்துகிறார்கள். அந்தச் சத்தம் கேட்டால் நான் இன்னும் எல்லைக்கோட்டோரம் நடக்கத் தொடங்கிவிடுவேன். வெல்ல ஆசை எனக்குப் போய்விடவில்லை. போய்விட்டதென்று சொன்னால் பொய். அது எழும்பும்போது முகத்தைப் பார்க்காமல் காலைப் பார்க்கப் பழகியிருக்கிறேன்.

நீர்வேலிப் பெடியன் ஒரு வருடத்துக்குப் பிறகு ஓடினான். ஒன்றிரண்டு ஊர்ப் போட்டிகளில் விளையாடிப் பார்த்துவிட்டு நிறுத்திவிட்டான் என்று கேள்விப்பட்டேன். இப்போது விவசாயம் படிக்கிறான். சைவக்காரன்; ஆனாலும் நத்தார்ப் பண்டிகைக்கு எனக்கு வாழ்த்து அனுப்புவான். ஒருதரம் நான் துணிந்து, "என்னிலை கோவமோ?" என்று எழுதினேன். இரண்டு நாள் கழித்துப் பதில் வந்தது: "இடைக்கிடை, ரீச்சர்." அதை நான் அழிக்கவில்லை. தாயை ஒரே ஒரு தடவை யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலிச் சந்தையில் கண்டேன். கையில் மரக்கறிப் பை. என்னைக் கண்டு தலையசைத்தார், போய்விட்டார்.

வருகிற செவ்வாய்க்கிழமை எங்களுக்கு வலய அரையிறுதி. வலதுபக்கம் விளையாடுகிற பிள்ளைக்கு அன்று கணிதப் பரீட்சை; போட்டி நேரத்தை மாற்றித் தரும்படி வலய அலுவலகத்துக்கு இரண்டு தரம் எழுதிவிட்டேன், பதில் இல்லை. அவளுக்குப் பதிலாக ஒன்பதாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தியை எடுத்திருக்கிறேன். கெட்டிக்காரி, ஆனால் பந்தைக் கொடுத்துவிட்டு அப்படியே நின்று பார்க்கிறாள். இன்னும் நாலு பின்னேரம் இருக்கிறது.